கடலூரிலிருந்து ஹெலிகாப்டர் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு: பணம் கட்டும் முன்பும், பறக்கும் முன்பும்

நான் மஞ்சக்குப்பத்துக்காரன். ஹெலிகாப்டர் ஓட்டக் கற்க அமெரிக்கா போய், உரிமத்தோடு ஊர் திரும்பினேன். நடுவில் ஒரு நாள் பயிற்சியின்போது நான் இருந்த ஆர்22 ஹெலிகாப்டர் ஓடுதளத்தில் தடாலென்று விழுந்து, அது தரையில் ஊன்றி நிற்கும் ஸ்கிட் குழாய்கள் இரண்டு பக்கமும் விரிந்துவிட்டன. எனக்கும் இன்ஸ்ட்ரக்டருக்கும் இரண்டு வாரம் முதுகுவலி, அவ்வளவுதான். ஆனால் அன்று கிளம்பும் முன்பே காற்று சரியில்லை என்று எனக்குத் தோன்றியிருந்தது. சொல்லவில்லை. முழுத்தொகையும் முன்பே கட்டியாயிற்று, விசா முடிய மூன்று மாதம் இருந்தது, பறக்க வேண்டியது இன்னும் நாற்பது மணி நேரம். 'இன்று வேண்டாம்' என்று சொல்ல வாய் வரவில்லை.

அதனால்தான் இந்தக் கட்டுரையில் பணக் கணக்கையும் பாதுகாப்பையும் ஒன்றாகவே எழுதுகிறேன். எனக்கு அவை தனித்தனியாக வரவில்லை.

1. பள்ளியைத் தேடும் முன் மருத்துவரைப் பாருங்கள்

நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் மருத்துவச் சான்றில் இரண்டாம் வகுப்பு இருந்தால் மாணவர் உரிமம் கிடைக்கும். சம்பளத்துக்கு ஓட்டுவதற்கான சிபிஎல் உரிமத்துக்கு முதலாம் வகுப்பு வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். இரண்டாம் வகுப்பு தேறியதும் ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். அப்புறம் முதலாம் வகுப்பில் நிறப் பார்வையோ இசிஜியோ இடிக்கிறது. இரண்டையும் முடித்துவிட்டுத்தான் எந்தப் பள்ளிக்கும் ஒரு ரூபாய் அனுப்ப வேண்டும்.

டிஜிசிஏவின் இ-ஜிசிஏ இணையதளத்தில் கணக்கு தொடங்கி, டிஜிசிஏ பட்டியலில் உள்ள மருத்துவரிடம் முதலில் இரண்டாம் வகுப்பு. சென்னையில் அப்படிப்பட்ட மருத்துவர்கள் இருக்கிறார்கள். கண், காது, இசிஜி, மார்பு எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்ப்பார்கள். எனக்கு எல்லாம் சேர்த்து ஏழாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது. அது முடிந்து டிஜிசிஏ கோப்பு எண் வந்த பிறகு முதலாம் வகுப்புக்கு நேரம் வாங்கலாம். பெங்களூரில் விமானப்படையின் வான்மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட மற்ற மையங்களும் உண்டு. முதல் முறை போகிறவர்களுக்கு நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம்.

நான் செய்த முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடலூர் பஸ் ஸ்டாண்டில் அதிகாலை மூன்றரை மணி பஸ்ஸைப் பிடித்து, தூங்காமல், வழியில் இரண்டு காபி குடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். ரத்த அழுத்தம் எகிறிவிட்டது. இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். முந்தின நாளே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள்.

2. பெயரும் இனிஷியலும்

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய தலைவலி. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் பின்னால், பாஸ்போர்ட்டில் அதே அப்பா பெயர் குடும்பப் பெயராக. டிஜிசிஏ, விசா, வெளிநாட்டு உரிமம் மூன்றும் பாஸ்போர்ட்டைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆகவே முதலில் பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி வர வேண்டும் என்று முடிவு செய்து, மற்றதையெல்லாம் அதற்கு ஏற்றபடி திருத்துங்கள். 36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். புதுச்சேரியிலேயே சேவா கேந்திரா இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் கட்டாயம். இல்லாதவர்கள் திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுதலாம். மதிப்பெண் பட்டியல் உண்மையானதுதான் என்று தேர்வு வாரியத்திடம் சரிபார்ப்புச் சான்றும் வாங்க வேண்டும். தமிழக வாரியத்தில் படித்தவர்களுக்கு அது சென்னை அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில். புதுச்சேரிக்காரர்கள் கவனிக்க: உங்கள் அரசுப் பள்ளிகள் இப்போது சிபிஎஸ்இக்கு மாறிவிட்டாலும், அதற்கு முன் முடித்தவர்களின் பட்டியல் தமிழக வாரியத்துடையது. பள்ளியில் கேட்டு அலையாமல் நேராகச் சென்னைக்குப் போங்கள்.

மருத்துவம், பாஸ்போர்ட், சரிபார்ப்பு, டிஜிசிஏ தேர்வு எழுதத் தேவையான கணினி எண் எல்லாம் முடிய எனக்கு ஏழு மாதம் ஆனது. இதில் பாதியை ஒரே சமயத்தில் ஓட்டலாம். நான் ஒன்று முடிந்த பிறகே அடுத்ததைத் தொட்டேன்.

3. எங்கே, எந்த ஹெலிகாப்டரில்?

புதுச்சேரி லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருந்தாலும் ஹெலிகாப்டர் கற்க நாம் வெளியூர்தான் போக வேண்டும். இந்தியாவில் ஹெலிகாப்டருக்கான பள்ளிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. டிஜிசிஏ தளத்தில் அங்கீகாரப் பட்டியல் இருக்கிறது. அதில் இல்லாத பெயரை ஏஜென்ட் சொன்னால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். 2025 அக்டோபர் முதல் பயிற்சி நிறுவனங்களுக்கு டிஜிசிஏ தரவரிசையும் கொடுக்கிறது. அதையும் பாருங்கள்.

வெளிநாட்டில் பெரும்பாலும் ராபின்சன் ஆர்22 என்ற இரண்டு இருக்கை ஹெலிகாப்டரில்தான் தொடங்குவார்கள். மணி வாடகை குறைவு என்பதுதான் காரணம். அது மோசமான இயந்திரம் என்று சொல்ல மாட்டேன். நான் அதில்தான் கற்றேன். ஆனால் தவறை மன்னிக்காத இயந்திரம். மேலே சுழலும் ரோட்டரின் இறக்கைகள் எடை குறைவானவை. இன்ஜின் நின்றால் கலெக்டிவை (ஹெலிகாப்டரை ஏற்றி இறக்கும் நெம்புகோல்) இறக்க உங்களுக்கு இருப்பது ஒன்றரை வினாடி அளவுதான். அதைத் தாண்டினால் ரோட்டர் வேகம் விழுந்துவிடும், விழுந்தது திரும்பி வராது. கேப்ரி ஜி2 போன்ற மூன்று இறக்கை ஹெலிகாப்டர் வைத்திருக்கும் பள்ளிகளில் மணி வாடகை கூடுதல். கையில் பணம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள் என்பேன்.

எடைக் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். ஆர்22 கிளம்பும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடை 621 கிலோ. வெறும் ஹெலிகாப்டர் சுமார் 400. முதன்மைத் தொட்டியில் பெட்ரோல் நிறைந்தால் 45 முதல் 50 கிலோ. மிச்சம் 170 சொச்சம். அது உங்களுக்கும் இன்ஸ்ட்ரக்டருக்கும் சேர்த்து. நீங்கள் 95 கிலோ, அவர் 90 கிலோ என்றால் ஒவ்வொரு முறையும் பெட்ரோலைக் குறைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். ஒரு இருக்கைக்கு 109 கிலோதான் வரம்பு, அடியில் வைக்கும் பையையும் சேர்த்து. 'அதெல்லாம் பார்த்துக்கலாம்' என்று சொல்லும் பள்ளியில் சேராதீர்கள்.

4. பள்ளியிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை

மின்னஞ்சலில் கேளுங்கள், மின்னஞ்சலிலேயே பதில் வாங்குங்கள். போனில் இனிக்க இனிக்கப் பேசுவார்கள்.

முதல் கேள்வி, பயிற்சிக்குப் பயன்படும் ஒவ்வொரு ஹெலிகாப்டரின் பதிவு எண். அமெரிக்காவில் 'என்' என்று தொடங்கும், இந்தியாவில் 'விடி'. எண் கையில் வந்ததும், அமெரிக்காவில் விபத்துகளை விசாரிக்கும் என்டிஎஸ்பி அமைப்பின் தளத்தில் தேடலாம். நம் நாட்டு விபத்து அறிக்கைகள், இங்கே அதே வேலையைச் செய்யும் ஏஏஐபி தளத்தில் கிடைக்கும். ஒரு விபத்து நடந்திருக்கிறது என்பதற்காகப் பள்ளியை ஒதுக்க வேண்டாம். 'அதற்குப் பிறகு எதை மாற்றினீர்கள்?' என்று கேளுங்கள். நேர்மையான பள்ளி இரண்டு பத்தி எழுதும், மற்றவை தலைப்பை மாற்றும்.

இந்தத் தேடலில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. அமெரிக்க விதிப்படி ஸ்கிட் போன்ற தரையிறங்கு பாகங்கள் மட்டும் சேதமானால் அது 'பெரும் சேதம்' ஆகாது. ஆளுக்கும் பெரிய காயமில்லை என்றால் விபத்துக் கணக்கில் வராது. என்னுடைய அந்தத் தடால் எந்தத் தளத்திலும் கிடையாது. எனவே 'கடந்த ஐந்து ஆண்டுகளில் கடினமாகத் தரையிறங்கியது எத்தனை முறை?' என்று தனியாகக் கேளுங்கள்.

அடுத்தது பராமரிப்பு. வாடகைக்குப் பயிற்சி தரும் ஹெலிகாப்டரை 100 மணி நேரத்துக்கு ஒரு முறை ஆய்வு செய்ய வேண்டும். ஆர்22 என்றால் 2,200 மணி நேரத்தில் அல்லது 12 ஆண்டில், எது முந்துகிறதோ அப்போது, முழுவதுமாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். கடைசி ஆய்வின் தேதியும், புதுப்பிக்க எத்தனை மணி நேரம் மிச்சம் என்பதும் கேளுங்கள்.

மூன்றாவது இன்ஸ்ட்ரக்டர். அமெரிக்காவில் மணி நேரம் சேர்ப்பதற்காகவே கற்றுக்கொடுக்கும் இளைஞர்கள் நிறைய. நேற்று மாணவர், இன்று ஆசிரியர். அதற்காகத்தான் ராபின்சனுக்குத் தனி விதி இருக்கிறது. ஆர்22இல் கற்றுக்கொடுப்பவர் ஹெலிகாப்டரில் 200 மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும், அதில் 50 ஆர்22இல். அதே விதியில் மாணவருக்கும் ஒரு வரி உண்டு: ஆர்22இல் இன்ஸ்ட்ரக்டரோடு 20 மணி நேரம் பறக்காமல் தனியாகப் பறக்கக் கூடாது. 'எங்கள் பையன்கள் பத்து மணி நேரத்தில் சோலோ' என்று பெருமை பேசும் ஏஜென்டிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

என் இன்ஸ்ட்ரக்டர் நல்ல மனிதர். ஆனால் இருநூற்றைத் தாண்டி அதிக நாள் ஆகவில்லை.

5. பணம்: எவ்வளவு, எப்போது

எனக்கு வந்த விலைப்பட்டியல்கள் 45 லட்சத்தில் தொடங்கி 75 லட்சம் வரை இருந்தன. குறைந்தபட்ச மணி நேரத்தில் யாரும் முடிப்பதில்லை. பட்டியல் தொகைக்கு மேல் கால் பங்காவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கால் பங்கு இல்லாதவர்தான் கெட்ட வானிலையிலும் கிளம்புகிறார்.

அமெரிக்காவுக்கான மற்ற செலவுகளில் வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான சிவிஸ் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பம் 185 டாலர். கைரேகை, பாதுகாப்புச் சரிபார்ப்பு இவற்றுக்குத் தனி. விசா நேர்காணல் சென்னையிலேயே நடக்கும். கட்டும் முன் அன்றைய தொகையை அதிகாரபூர்வ தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய பொறி ஒன்று: விசாவுக்காகப் பள்ளி தரும் ஐ-20 படிவம் வேண்டுமென்றால் முழுப் பணத்தையும் அனுப்புங்கள் என்பார்கள். ஐ-20க்கு உங்களிடம் பணம் இருக்கிறது என்று வங்கிக் கணக்கில் காட்டினால் போதும். 2008 பிப்ரவரியில் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்ற பெரிய அமெரிக்கப் பள்ளி ஒரே நாளில் கதவை மூடியது. ஆளுக்குச் சுமார் 70,000 டாலர் கடன் வாங்கி முன்பணம் கட்டிய மாணவர்கள் தெருவில் நின்றார்கள். பத்து மணி நேரத்துக்கு ஒரு முறை கட்டும் ஏற்பாட்டை எழுத்தில் வாங்குங்கள். மிச்சப் பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். நான் மொத்தமாகக் கட்டினால் ஐந்து சதவீதம் தள்ளுபடி என்றதும் மயங்கிவிட்டேன்.

விசாவிலும் ஒரு பொறி இருக்கிறது. தொழிற்பயிற்சிக்கான எம்-1 விசாவில் முதலில் அதிகபட்சம் ஓராண்டுதான் தங்கலாம். படிக்கும் ஒவ்வொரு நான்கு மாதத்துக்கும் ஒரு மாதம் என்ற கணக்கில் அதிகபட்சம் ஆறு மாதம்தான் செயல்முறைப் பயிற்சி. 'அங்கேயே இன்ஸ்ட்ரக்டராக வேலை பார்த்துக் கடனை அடைக்கலாம்' என்ற பேச்சை நம்பி வீட்டை அடமானம் வைக்காதீர்கள். அப்படிச் செய்ய வேறு வகை விசா தரும் பள்ளியா என்று முதலிலேயே கேளுங்கள்.

வங்கிக் கடன் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஜாமீன் கேட்பார்கள். வில்லங்கச் சான்று, சட்ட ஆலோசகர் கருத்து, மதிப்பீட்டாளர் என்று இரண்டு மாதமாவது ஓடும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் இன்னும் அதிகம்.

6. இன்சூரன்ஸ் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் ஆயுள் காப்பீட்டில் விபத்துச் சலுகைப் பிரிவைப் பாருங்கள். பல பாலிசிகளில், டிக்கெட் வாங்கிய பயணியாகப் பறக்கும்போது மட்டுமே விபத்துத் தொகை உண்டு என்று இருக்கும். பயிற்சி மாணவர் பயணி இல்லை. மாணவர் மருத்துவக் காப்பீட்டிலும் இதே போன்ற விலக்கு இருக்கலாம். விமானப் பயிற்சிக்கு விலக்கு இல்லை என்று எழுதிக் கொடுக்கும் பாலிசியை வாங்குங்கள். பள்ளியின் காப்பீட்டில் மாணவருக்கு எவ்வளவு, ஹெலிகாப்டர் சேதமானால் மாணவர் கைப்பணம் எவ்வளவு போகும் என்பதையும் கேளுங்கள். எங்கள் பள்ளியில் சேதத்தின் ஒரு பங்கை மாணவர் தலையில் கட்டும் வரி இருந்தது. கையெழுத்து போடும்போது நான் அதைப் படிக்கவில்லை.

7. முதல் நாளுக்கு முன் மண்டையில் ஏற வேண்டியவை

ராபின்சன் நிறுவனம் 'பாதுகாப்பு அறிவிப்பு' என்று எண் போட்டு வெளியிட்டிருக்கிறது, இலவசம். எல்லாவற்றையும் ஊரிலேயே படித்துவிட்டுப் போங்கள். அதில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

20ஆம் அறிவிப்பு உங்களுக்காகவே எழுதியது: செயல்விளக்கப் பறப்பிலும் ஆரம்பப் பயிற்சியிலும் விபத்து அதிகம். புதியவர் திடீரென்று சைக்ளிக்கை (ஹெலிகாப்டரை முன்பின்னும் பக்கவாட்டிலும் சாய்க்கும் பிடி) இழுத்துவிடுகிறார், இன்ஸ்ட்ரக்டர் பிடிப்பதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. அதனால் கட்டுப்பாடு யார் கையில் என்பதை மூன்று முறை வாயால் சொல்லும் பழக்கம் வேண்டும். 'உன்னிடம்', 'என்னிடம்', மறுபடி 'உன்னிடம்'. ஜாடையில் எதுவும் கூடாது.

11ஆம் அறிவிப்பு எடையற்ற நிலை பற்றியது. மேலே ஏறிய வேகத்தில் சைக்ளிக்கை முன்னால் தள்ளினால் ராட்டினத்தில் போல வயிறு மேலே ஏறும். அப்போது ஆர்22 வலப்பக்கம் சாயும். கை தானாக இடப்பக்கம் போகும். அதுதான் கொல்லும்: ரோட்டரின் மையம் தண்டில் மோதி ரோட்டரே பிய்ந்துபோகலாம். முதலில் சைக்ளிக்கை மெதுவாகப் பின்னால் இழுத்து ரோட்டருக்கு எடையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், சாய்வைத் திருத்துவது அதற்கு அப்புறம். இதைத் தரையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். வானத்தில் செய்து காட்டுகிறேன் என்பவரோடு பறக்காதீர்கள்.

38ஆம் அறிவிப்பு ஆட்டோரொட்டேஷன் பயிற்சி. இன்ஜின் நின்றது போலப் பாவித்து, இறங்கும்போது கீழிருந்து வரும் காற்றிலேயே ரோட்டரைச் சுழலவிட்டு இறங்குவது. நிஜமாக இன்ஜின் நிற்பது அபூர்வம். அதற்கான பயிற்சியில் நொறுங்குவதோ நிறைய. எனக்கு நடந்ததும் இதுதான். சூடான மதியம், காற்று விட்டுவிட்டு அடித்தது. தரை நெருங்கும் பயத்தில் நான் கலெக்டிவைச் சீக்கிரம் தூக்கிவிட்டேன், ரோட்டர் வேகம் விழுந்தது, இன்ஸ்ட்ரக்டர் இன்ஜின் சக்தியைத் திருப்புவதற்குள் ஓடுதளம் வந்துவிட்டது. இறங்குவதில் ஒன்று பிசகினாலும், சுமார் நூறு அடி உயரத்துக்குள் வேகமும் ரோட்டரும் சரியாக இல்லை என்றாலும், பயிற்சியைக் கைவிட்டு மேலே எழும்பிவிட வேண்டும். கிளம்பும் முன்பே இதை இருவரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் பேசவில்லை.

9ஆம் அறிவிப்பு, ஒரு ஸ்கிட் தரையில் சிக்கிக்கொள்ள மறுபக்கம் கவிழ்வது. புல்தரையிலும் சரிவிலும் நடக்கும். சந்தேகம் வந்தால் கலெக்டிவை மெதுவாக இறக்குங்கள், சைக்ளிக்கோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

25ஆம் அறிவிப்பு கார்புரேட்டரில் பனி கட்டுவது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வளர்ந்தவனுக்கு இதை நம்பவே முடியவில்லை. 20 டிகிரிக்கு மேலேயும், காற்றில் ஈரம் இருந்தால் கட்டும். இதற்காகவே இருக்கும் மானியைப் பார்க்கப் பழகுங்கள்.

தரையில் ஒரே ஒரு விதி: ரோட்டர் சுற்றும்போது வால் பக்கம் போகவே கூடாது. பைலட் பார்க்கும்படி முன்பக்கமாகப் போய், அவர் தலையசைத்த பிறகு கிட்டே போங்கள்.

8. 'இன்று வேண்டாம்' என்று சொல்வது எப்படி

நமக்கு இது கஷ்டம். ஆசிரியர் சொன்னால் மறுபேச்சு பேசாமல் வளர்ந்திருக்கிறோம். நான் பிற்பாதியில் கண்டுபிடித்த வழி, காரணத்தை எண்ணாகச் சொல்வது. 'பயமாக இருக்கிறது' என்றால் தைரியம் சொல்லி ஏற்றிவிடுவார்கள். 'காற்று 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) வேகத்துக்கு மேல் போனால் நான் ஆட்டோரொட்டேஷன் செய்வதில்லை' என்றால் வாக்குவாதம் வராது. காற்று, மேகத்தின் உயரம், முந்தின இரவு தூங்கிய நேரம் மூன்றுக்கும் உங்கள் வரம்பை முதல் வாரமே ஒரு அட்டையில் எழுதி இன்ஸ்ட்ரக்டரிடம் கொடுத்துவிடுங்கள். ரத்து செய்தால் எத்தனை மணி நேரத்துக்கு முன் சொன்னால் கட்டணம் இல்லை, வானிலைக்காக ரத்தானால் அபராதம் உண்டா என்பதை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்குங்கள். அபராதம் போடும் பள்ளியில் அந்த அட்டைக்கு மதிப்பில்லை.

இன்ஸ்ட்ரக்டரை மாற்றக் கேட்பதும் உங்கள் உரிமைதான். நான் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கேட்டேன். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், அப்புறம் கொடுத்தார்கள்.

9. ஏதாவது நடந்துவிட்டால்

வலி இல்லை என்றாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். முதுகெலும்பு அடி அடுத்த நாள்தான் தெரியும். பள்ளி கொடுக்கும் எந்தத் தாளிலும் அன்றைக்குக் கையெழுத்து போடாதீர்கள். நடந்ததை மணி வாரியாக உங்கள் நோட்டில் எழுதி, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் நாசா நடத்தும் ஏஎஸ்ஆர்எஸ் என்ற ரகசிய அறிக்கை முறை இருக்கிறது, மாணவரும் எழுதலாம். தெரியாமல் ஏதாவது விதி மீறியிருந்தாலும், விபத்தாகாத சம்பவத்தில் பத்து நாளுக்குள் எழுதினால் தண்டனையிலிருந்து பெரும்பாலும் விலக்கு கிடைக்கும். வீட்டுக்கு நீங்களே போன் செய்யுங்கள். என் அம்மாவுக்கு விஷயம் இன்னொரு மாணவனின் ஸ்டேட்டஸ் மூலம் போய்ச் சேர்ந்தது. அந்த ஒரு நாளை நினைத்தால் இன்னும் சங்கடமாக இருக்கிறது.

10. திரும்பி வந்த பிறகு

வெளிநாட்டு உரிமத்தை இந்திய உரிமமாக மாற்ற டிஜிசிஏ தேர்வுகள் எழுத வேண்டும், தேர்ச்சிக்கு 70 சதவீதம். அமெரிக்க வணிக உரிமத்துக்கான மொத்த 150 மணி நேரத்தில் 50 மட்டுமே ஹெலிகாப்டரில் இருந்தால் போதும். இந்தியாவில் ஹெலிகாப்டர் சிபிஎல்லுக்கு 150 மணி நேரமும் ஹெலிகாப்டரில் வேண்டும். விமானத்தையும் ஹெலிகாப்டரையும் கலந்து மலிவாக முடித்துத் தரும் 'பேக்கேஜ்' இங்கேதான் காலை வாரிவிடும். பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கின் ஒவ்வொரு பக்கத்திலும் இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் இருக்கின்றனவா என்று அங்கிருந்து கிளம்பும் முன்பே பாருங்கள். எனக்கு மூன்று பக்கங்களில் முத்திரை இல்லை. தபாலில் அனுப்பித் திரும்பப் பெற ஒன்றரை மாதம் ஆனது. அந்த மூன்றில் ஒன்று, ஸ்கிட் விரிந்த அன்றைய பக்கம்.